தொலைநோக்கிக்கு அடியில் இருபது கலைச் சரிவு

போன வருஷம் மாட்டுங்கா வீட்டுக்கு வந்திருந்த அக்கா மகன், சாப்பிட்டுக்கொண்டே, "ஸ்கோப் சரியில்ல மாமா, பணம் போச்சு" என்றான். அவனுக்கு டெக்சாஸில் வேலை. விடுமுறை நாட்களில் ஆயிரம் கஜத்தில் (914 மீட்டர்) இருக்கும் இலக்கைச் சுடுவது பொழுதுபோக்கு. இரண்டு வருஷம் காசு சேர்த்து வாங்கிய தொலைநோக்கி அது. ஏற்றத் திருகு போதுமான அளவு திரும்புவதற்குள் முட்டி நின்றுவிடுகிறதாம். வந்த விலைக்குத் தள்ளிவிடப் போவதாகச் சொன்னான்.

"பொறுடா" என்றேன். நான் துப்பாக்கியைத் தொட்டதில்லை. ஆனால் செம்பூரில் முப்பது வருஷம் டூல் ரூமில் காலம் தள்ளியவன். கோணத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரியும்.

ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கலை. பஞ்சாங்கம் பார்ப்பவர்களுக்குப் பழகிய சொல்தான். நூறு கஜத்தில் ஒரு கலை என்பது ஏறத்தாழ ஓர் அங்குலம். ஆயிரம் கஜத்தில் பத்தரை அங்குலம். இனி குண்டைப் பார்ப்போம். குழலை விட்டுக் கிளம்பிய கணமே அது விழ ஆரம்பிக்கிறது. மருமகன் வைத்திருப்பது .308 ரகம். நூறு கஜத்துக்குக் குறி சரிசெய்த அந்தத் துப்பாக்கியில், ஆயிரம் கஜத்துக்குச் சுமார் 38 கலை ஏற்றம் வேண்டும். பத்து மீட்டர், அதாவது மூன்று மாடி உயரம்! குழலை அவ்வளவு அண்ணாந்து பிடித்தாக வேண்டும்.

தொலைநோக்கிக்குள் ஒரு சின்னக் குழாய் இருக்கிறது. வெளியே திருகைத் திருப்பினால் அது மேலும் கீழும் நகரும். அவனுடையதில் மொத்த நகர்வு 60 கலை. தட்டையான பேஸில் பூட்டி நூறு கஜத்துக்குச் சரிசெய்தால் உள்குழாய் நடுவில் நிற்கும்: மேலே 30, கீழே 30. வேண்டியதோ 38. கீழே இருக்கும் 30 கலை யாருக்கும் பயன்படாமல் கிடக்கிறது. ஸ்கோப்பில் ஒரு பழுதும் இல்லை.

அந்தக் கீழ்ப்பாதியை மேலே கொண்டுவருவதுதான் சரிவான பேஸின் வேலை. பின்பக்கம் சற்று உயரமாகவும் முன்பக்கம் தாழ்வாகவும் மில்லிங் செய்திருப்பார்கள். தொலைநோக்கி லேசாகக் குனிந்து பார்க்கும். அதை இலக்குக்கு நேராக்கும்போது குழல் தானாக நிமிரும். 20 கலைச் சரிவு என்றால் மேலே 50, கீழே 10. முன்பு மும்பைப் போலீஸ் தோளில் தொங்கிய பழைய த்ரீ நாட் த்ரீயை நினைத்துப் பாருங்கள். பின்பக்கக் குறியைத் தூர அளவுக்கேற்ப உயர்த்துவதற்கு அதிலேயே ஒரு சின்னச் சாய்தளம் உண்டு. தத்துவம் ஒன்றுதான்.

எவ்வளவு உயரம் என்று கேட்டான். 100 மில்லிமீட்டர் சைன் பாரில் 20 கலை வைக்க 0.58 மில்லிமீட்டர் ஸ்லிப் கேஜ் போதும். இரண்டு விசிட்டிங் கார்டை அடுக்கிக் காட்டினேன். வாயைப் பிளந்தான்.

"அப்போ 40 கலையே வாங்கிடறேன் மாமா!"

அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 40 வைத்தால் நூறு கஜத்துக்குக் குறியை 40 கலை இறக்க வேண்டும். இவன் கையில் இருப்பது 30 தான். பக்கத்து இலக்குக்குச் சரிசெய்யவே முடியாது. மேலும் உள்குழாய் ஓரத்துக்குப் போகப் போக இடம் வலம் நகர்த்தும் வசதியும் குறைந்துபோகும்.

"பின்னாடி ஒரு தகட்டைச் செருகினா ஆகாதா?" இதையும் கேட்டான். கூடாது. முன்னும் பின்னும் தனித்தனி பேஸாக இருந்தால், வளையங்கள் இரண்டும் ஒரே கோட்டில் நிற்காது. இறுக்கும்போது தொலைநோக்கிக் குழாய் வளையும். ஒரே துண்டு பேஸ் என்றால் அடியில் இடைவெளி விழுந்து, ஸ்க்ரூ இறுக இறுகப் பேஸே வளையும். ஆப்பு வடிவில் ஒரே துண்டாகக் கடைந்த பேஸில் இந்தத் தொல்லை இல்லை.

நம் வொர்லி ரேஞ்சுக்குப் போகும் பிள்ளைகளுக்கு இது எதுவும் தேவைப்படாது. ஒலிம்பிக் ரைஃபிள் போட்டிகள் 10, 50 மீட்டரில்தான். தொலைநோக்கிக்கு அங்கே அனுமதியும் இல்லை. கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் சுடுவதும் 10 மீட்டரில்தான்.

ஊருக்குப் போன மறு மாதம் போன் பண்ணினான். புது பேஸ் மாட்டி, நூறு கஜத்துக்குச் சரிசெய்து, திருகை 38 கலை ஏற்றினானாம். "இன்னும் பன்னெண்டு மிச்சம் இருக்கு மாமா" என்றான்.