மாங்குளத்தைத் தேடினால் மீனாட்சிபுரம் வருமா?

மதுரையிலிருந்து மேலூர்ப் பக்கம் போனால் மாங்குளம் இருக்கிறது. அங்கே குன்றின் மேலுள்ள குகைத்தளத்தில் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயரைச் சொல்லும் பழைய எழுத்துகள் உள்ளன. 1882ல் ராபர்ட் சிவெல் அவற்றைக் கண்டு பதிவு செய்தார். அந்த மொழி தமிழ்தான் என்று 1924ல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக் காட்டினார். நெடுஞ்செழியன் என்ற பெயரைப் படித்துச் சொன்னவர் ஐராவதம் மகாதேவன். அது 1960களின் நடுவில். அதன்பின், இந்தக் கல்வெட்டைத் தொடாமல் தமிழ் எழுத்தின் தொன்மையைப் பற்றி யாரும் எழுதுவது அரிது.

ஆய்வு மாணவி ஒருவர் இதைப் பற்றிய கட்டுரைகளைத் திரட்டப் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டுரையில் ஊர் மாங்குளம். இன்னொன்றில் மீனாட்சிபுரம். வேறொன்றில் குன்றின் பெயர் மட்டும் இருக்கும், ஓவாமலை என்றோ கழுகுமலை என்றோ. கழுகுமலை என்று தேடினால் கோவில்பட்டிப் பக்கம் வெட்டுவான் கோயில் இருக்கும் ஊர்தான் முதலில் வந்து நிற்கும். எழுத்தின் பெயரும் அப்படித்தான்: தமிழி, தமிழ் பிராமி, தமிழ்ப் பிராமி. நூறு பி.டி.எஃப் சேர்ந்த பிறகு, வேண்டியதை எங்கே படித்தோம் என்பது யாருக்கும் நினைவிருக்காது.

நான் மதுரையில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். முனைவர் பட்டத்துக்குச் சேரும் பிள்ளைகளிடம் முதலில் சொல்வது ஒன்றே ஒன்று: கட்டுரைகளை அடுக்குவதோடு நிறுத்தாதீர்கள், கட்டுரை எதைப் பேசுகிறதோ அந்தப் பொருளை அடுக்குங்கள். எங்களுக்கு அந்தப் பொருள் கல்வெட்டு. கண்மாய்களைப் பற்றி ஆராய்கிறவருக்குக் கண்மாய். கண் மருத்துவம் படிப்பவருக்கு ஒரு நோய்.

இதற்கு நாங்கள் பயன்படுத்துவது ஜோட்டெரோ என்ற மென்பொருள். அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுக்காரர்கள் 2006ல் உருவாக்கி வெளியிட்டது, இலவசம். 2022லிருந்து பி.டி.எஃப்பை அதற்குள்ளேயே திறந்து, வரிகளில் வண்ணம் பூசி, பக்கத்தில் குறிப்பு எழுத முடிகிறது. பன்னாட்டு ஆய்விதழ் கட்டுரை என்றால் பிரவுசரில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஆசிரியர், தலைப்பு, ஆண்டு, பக்க எண் எல்லாம் தானாக வந்து உட்கார்ந்துவிடும். நம் ஊர் ஆய்வுக்கு இந்த வசதி பாதிதான் கிடைக்கும். தமிழகத் தொல்லியல் கழகத்தின் 'ஆவணம்' இதழில் வந்த கட்டுரையை நாம்தான் தட்டச்சு செய்து ஏற்ற வேண்டும். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் ஓர் ஆய்வேட்டை இறக்கினால் அது இயல் இயலாகத் துண்டுபட்டு வரும். கோப்பின் பெயரில் ஓர் எண்ணும் 'சாப்டர்' என்ற சொல்லும்தான் இருக்கும். இறக்கிய அன்றே ஆசிரியர் பெயர், ஆண்டு, பல்கலைக்கழகம் போட்டு மாற்றிவிட வேண்டும். தள்ளிப்போட்டால் ஒரே பெயரில் வரிசையாக நிற்கும் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கத்தான் நேரம் போகும்.

பெயர் ஏற்றுவதில் நமக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. இந்த மென்பொருள்கள் எல்லாம் குடும்பப் பெயர், இயற்பெயர் என்று இரண்டு கட்டங்கள் வைத்திருக்கின்றன. நமக்கு இருப்பதோ தலைப்பெழுத்து. சோழர் கல்வெட்டுகளில் பெரும் உழைப்பு உழைத்த எ. சுப்பராயலு, ஆங்கில நூல்களில் 'ஒய்' என்ற தலைப்பெழுத்தோடு வருவார். இரண்டையும் அப்படியே ஏற்றினால் ஒரே அறிஞர் பட்டியலில் இரண்டு பேராகிவிடுவார். நாங்கள் ஆங்கில வடிவத்தை இரண்டு கட்டத்திலும், தமிழ் நூல்களுக்குப் பெயரை முழுதாக ஒரே கட்டத்திலும் போடுகிறோம். ஜோட்டெரோவில் கட்டத்தை ஒன்றாக்க ஒரு சின்னக் குறி உண்டு. பிறகு இரு மொழிப் பதிவுகளுக்கும் ஒரே டேக் கொடுத்துவிடுகிறோம்.

இனி முக்கியமான இடம். ஒவ்வொரு கல்வெட்டுக்கும் ஒரு தனிக் குறிப்பு திறக்கிறோம். எங்களுக்குள் அதை அட்டை என்போம். மாங்குளம் அட்டையின் தலையில் அந்த ஊருக்கும் குன்றுக்கும் உள்ள எல்லாப் பெயர்களும், தமிழ், ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறுபாடுகளோடு இருக்கும். அதன் கீழே மகாதேவன் 2003ல் வெளியிட்ட பெருநூலில் இதற்குக் கொடுத்த எண்கள். அதற்கும் கீழே வாசிப்புகள். அங்கே குறிக்கப்படும் துறவியின் பெயரை ஒருவர் நந்தாசிரியன் என்று கூட்டிப் படிப்பார்; இன்னொருவர் நந்தசிரி என்று நிறுத்திப் பிரிப்பார். யார், எந்த ஆண்டில், எந்தப் பக்கத்தில் அப்படிப் படித்தார் என்பதை ஒவ்வொரு வரியாக எழுதி, அந்தந்தக் கட்டுரையை 'தொடர்புடையவை' பகுதியில் இணைத்துவிடுவோம். அட்டையைத் திறந்தால் அந்தக் கல்லைப் பற்றிய வாதம் முழுதும் ஒரே இடத்தில் கிடைக்கும்.

ஆண்டு எழுதுவதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. மாங்குளத்துக்கு மகாதேவன் சொன்ன காலம் கி.மு. இரண்டாம் நூற்றாண்டு. பழனிப் பக்கம் பொருந்தலில் கிடைத்த நெல்மணிகளின் காலக்கணிப்பும், 2019ல் அரசு வெளியிட்ட கீழடி அறிக்கையின் கி.மு. ஆறாம் நூற்றாண்டுக் கணக்கும் வந்த பிறகு, தமிழ் எழுத்தின் காலத்தைப் பின்னோக்கித் தள்ளும் வாதம் வலுத்தது. ஒரு கட்டுரை எந்தச் சான்று கையில் இருந்தபோது எழுதப்பட்டது என்று தெரியாமல் அதன் முடிவை மேற்கோள் காட்டுவது அந்த ஆசிரியருக்கே அநியாயம்.

வண்ணங்களை அளவோடு வைத்திருக்கிறோம். ஆசிரியர் கண்ணால் கண்ட சான்றுக்கு மஞ்சள், அவருடைய ஊகத்துக்குப் பச்சை, நமக்கு உடன்பாடில்லாத இடத்துக்குச் சிவப்பு. வண்ணம் பூசிய இடத்தில் இரண்டு வரியாவது சொந்தத் தமிழில் எழுத வேண்டும் என்பது என் கண்டிப்பான விதி. "மேடம், ஹைலைட் பண்ணினாலே ஞாபகம் இருக்குமே" என்பார்கள். பண்ணிய வரி கோப்பில் இருக்கும்; அதை ஏன் பண்ணினோம் என்பது எழுதினால்தான் இருக்கும். படித்து முடித்ததும் ஒரே கட்டளையில் வண்ண வரிகளும் குறிப்புகளும் பக்க எண்ணோடு ஒரே குறிப்பாகத் திரண்டு வரும். அதில் ஒரு வரியின் பக்க எண்ணைத் தொட்டால் மூலக் கட்டுரையின் அதே பக்கம் திறக்கும்.

தமிழ்க் கோப்புகளில் எழுத்துரு ஒரு பெரிய தடை. யூனிகோடுக்கு முன்பு பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் அச்சான பி.டி.எஃப்கள் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். தேடினால் ஒரு சொல்லும் அகப்படாது, நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துகள் கலைந்து விழும். ஸ்கேன் செய்த கோப்பும் வெறும் படம்தான். கூகுள் டிரைவ் போன்றவற்றின் ஓ.சி.ஆர் இப்போது தமிழை ஓரளவு நன்றாகவே படிக்கிறது. ஆனாலும் கல்வெட்டு வாசகத்தை அதனிடம் ஒப்படைக்கக் கூடாது; அதை மூலத்தோடு ஒப்பிட்டுக் கையால் அடிக்க வேண்டும்.

கருவி புதிது, பொருளை அடுக்கும் வழக்கம் பழையது. மகாதேவன் சிந்துவெளி எழுத்துகளைக் கணினியின் துணையோடு வரிசைப்படுத்தி 1977ல் அடைவு நூல் வெளியிட்டார். அடுத்த ஆண்டே நொபொரு கரஷிமா, சுப்பராயலு, மட்சுயி மூவரும் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களைத் தொகுத்து மூன்று தொகுதிகளாகக் கொண்டுவந்தார்கள். அதை வெளியிட்டது நம் மதுரையின் சர்வோதய இலக்கியப் பண்ணை. அந்தத் தொகுதிகளை மாணவர்களிடம் கட்டாயம் காட்டுவேன்.

ஓர் எச்சரிக்கை. ஜோட்டெரோவில் நாம் எழுதும் குறிப்பு பி.டி.எஃப்புக்குள் சேர்வதில்லை, மென்பொருளின் தரவுத்தளத்தில்தான் சேமிக்கப்படுகிறது. ஆகவே கோப்புகளை மட்டும் பென் டிரைவில் எடுத்துவைத்தால் உழைப்பு வந்து சேராது. ஜோட்டெரோ ஃபோல்டரை முழுதாக நகலெடுக்க வேண்டும், குறிப்புகள் பதிந்த பி.டி.எஃப் பிரதியையும் தனியே ஏற்றுமதி செய்ய வேண்டும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் இடம் 300 எம்.பி.தான், ஸ்கேன் கோப்புகளுக்கு அது காணாது.

எங்கள் அட்டைகளைத் துறையில் எல்லாரும் ஒரு குழு நூலகமாகப் பகிர்ந்திருக்கிறோம். கீழவளவுக்காரப் பெண் ஒருத்தி, தன் ஊர்ச் சமணப் படுக்கைகளின் அட்டையைத் திறந்து, "எங்க அப்பத்தா இதைப் பஞ்சபாண்டவர் படுக்கைன்னுதான் சொல்லும்" என்று அந்தப் பெயரையும் தலையில் சேர்த்தாள். அந்தப் பெயரை வைத்துத் தேடியதில் பழைய கல்வெட்டு ஆண்டறிக்கை ஒன்றின் ஸ்கேன் பிரதி வந்தது. அதை அட்டையோடு இணைத்துவிட்டோம். இதேபோன்ற படுக்கைகள் உள்ள வரிச்சியூருக்கும் கருங்காலக்குடிக்கும் ஊரார் வழங்கும் பெயர்களைக் கேட்டு வரும்படி மற்றவர்களிடமும் சொல்லியிருக்கிறேன்.