முந்திரிகைத் தோட்டமும் விருந்தாளியும்
மாறிவரும் சுவாத்தியத்திலிருந்து கமக்காரர் கற்கவேண்டிய பாடம்

கமக்காரர் ஒருவர் தமது வருமானத்தைப் பெருக்குவதற்கு இரண்டாவது தொழிலொன்றைச் சேர்த்துக்கொள்ளுதல் நல்ல வழக்கமாகும். ஆயினும் அத்தொழில் எதனை நம்பி நிற்கின்றது என்பதை முன்கூட்டியே ஆராய்தல் வேண்டும். பயிரைக் கெடுக்கும் அதே வெயிலும் மழையும் அத்தொழிலையும் கெடுக்குமாயின், ஆபத்துக் காலத்தில் அது கைகொடுக்கமாட்டாது. கனடா நாட்டு முந்திரிகைச் செய்கையாளர் இவ்வுண்மையை அண்மையிற் பெரும் நட்டமடைந்து அறிந்துகொண்டனர். தோட்டத்தைப் பார்க்க வருவோரிடமிருந்து வருமானம் பெறும் முறையை எமது கமக்காரரிற் சிலரும் கைக்கொள்ளத் தொடங்கியிருப்பதால், அவர்களுடைய அநுபவம் எமக்கும் பயன்படும்.

வைன் சுற்றுலா என்றால் என்ன?

முந்திரிகைப் பழச் சாற்றை நொதிக்கச்செய்து பெறும் மதுவே வைன் எனப்படும். கனடாவின் மேற்கே, பிரித்தானிய கொலம்பியா மாகாணத்தில், ஒக்கனாகன் என்னும் பள்ளத்தாக்கு உண்டு. மலைகள் மழையைத் தடுப்பதால் அது வரண்ட பிரதேசமாகும். அங்கே ஏறக்குறைய 135 கிலோமீற்றர் நீளமான ஏரி ஒன்று குளிர்காலத்தின் கடுமையைத் தணிக்கின்றது. முன்பு அப்பிளும் பீச்சும் மிகுதியாக விளைந்த அவ்விடத்திற் பின்னர் முந்திரிகைத் தோட்டங்கள் பெருகின.

கோடையிலும் அறுவடைக் காலத்திலும் அங்கு வருவோர் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து, வைனைச் சுவைத்து, போத்தல்களை வாங்கி, அயலிலுள்ள விடுதிகளிலே தங்கிச் செல்வர். சிறு செய்கையாளர் தரகருக்குப் பங்கு கொடாது தமது வாசலிலேயே முழு விலைக்கு விற்கலாம். ஆகவே, தோட்டம் ஒன்று இரண்டு விளைவைத் தருவதாகத் தோன்றும். ஒன்று பழம், மற்றது விருந்தாளி.

வெப்பம் செய்யும் மாற்றம்

யாழ்ப்பாணத்திலே கிணற்று நீர் பாய்ச்சி வளர்க்கப்படும் முந்திரிகைக் கொடி உறங்குவதில்லை. நாம் கத்தரித்துவிட்டாற் புதிதாகத் தளிர்த்துக் காய்க்கும். குளிர் நாடுகளிலோ கொடி இலையுதிர்த்து உறங்கி, குளிர் நீங்கியபின் அரும்பி, கோடை முடிவிற் பழுக்கும். அங்கு வெப்பம் கூடினால் பழத்தில் வெல்லம் விரைவாகச் சேர்ந்து, அமிலம் குறைந்துவிடும். இதனால் வைனின் சுவை மாறும், அறுவடையும் முந்தும்.

இதற்குச் சான்று பிரான்சு நாட்டிலுள்ளது. போன் என்னும் ஊரின் முந்திரிகை அறுவடைத் தினங்கள் 1354 தொடக்கம் 2018 வரை வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. 1988 முதல் அங்கு அறுவடை முந்திய நூற்றாண்டுகளின் சராசரியிலும் 13 நாள் முன்னதாக நடைபெற்றுள்ளது. அறுவடையைக் காண வருவோருக்கு மாதக் கணக்கில் முன்னரே நாட் குறித்து இடம் ஒதுக்கும் தோட்டக்காரருக்கு இது சிறிய மாற்றமன்று.

புகையும் நெருப்பும்

வெப்பம் கூடக் கூடக் காடு விரைவில் உலரும். உலர்ந்த காட்டிலே தீ எளிதிற் பரவும். காட்டுத்தீயின் புகையிலுள்ள சில பீனோற் சேர்வைகள் பழத்தோலினூடாக உட்சென்று, பழத்திலுள்ள வெல்லத்துடன் பிணைந்துகொள்ளும். அப்பொழுது பழத்தை உண்டு பார்த்தாலும் குற்றம் தெளிவாகத் தெரியாது. நொதிக்கும்போதும் அதன் பின்னரும் அப்பிணைப்பு விடுபட, வைனிற் சாம்பற் சுவை தோன்றும். கண்ணுக்கு நல்லதாயிருந்த விளைவு விற்பனைக்கு ஆகாததாகிவிடும்.

2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஒக்கனாகனில் இதனினும் பெரிய இடர் நேர்ந்தது. 17ஆந் திகதி இரவு காட்டுத்தீ மேற்குக் கெலோவ்னாவைத் தாக்கியதுடன், ஏரியையும் தாண்டி மறுகரையிலும் பற்றியது. ஆயிரக்கணக்கான மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினர். அவர்களுக்கும் தீயணைப்போருக்கும் விடுதிகள் தேவைப்பட்டமையால், உல்லாசப் பயணிகள் அவற்றிலே தங்குவதைத் தடுத்து மாகாண அரசு 19ஆந் திகதி கட்டளையிட்டது. நெருப்பு எட்டாத ஊர்களையும் இக்கட்டளை பாதித்தது. வருமானம் மிகுந்த மாதத்தில் வாசல்கள் வெறிச்சோடின.

குளிரின் தாக்குதல்

அடுத்த குளிர்காலம் வழமையிலும் மென்மையாகத் தொடங்கியது. குளிர் சிறிது சிறிதாகக் கூடினாற்றான் கொடி அதனைத் தாங்கும் வலிமையைப் பெறும். ஆனால் 2024 சனவரி நடுப்பகுதியில் வெப்பநிலை திடீரெனப் பூச்சியத்துக்குக் கீழே 20 பாகையையும் கடந்து இறங்கியது. உறங்கிக் கிடந்த அரும்புகள் கருகின. பல தோட்டங்களில் கொடிகளும் இறந்தன. அவ்வாண்டு முந்திரிகை விளைவு அநேகமாக முற்றாக அற்றுப்போயிற்று. பீச், அப்றிக்கோட் ஆகியனவும் அழிந்தன. வெளியிலிருந்து பழமும் சாறும் தருவித்து வைன் செய்வதற்கு அரசு தற்காலிக அனுமதி வழங்க நேர்ந்தது. புதிதாக நடும் கொடி பயன்தர ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் செல்லும்.

ஒரு தீயையோ ஒரு குளிரையோ தனியே எடுத்து, அது சுவாத்திய மாற்றத்தால் மாத்திரமே நேர்ந்ததெனக் கூறுதல் சரியன்று. ஆனால் பல ஆண்டுகளை ஒருங்கே நோக்குமிடத்து, பழைய கணக்கை நம்பித் தொழில் நடத்த முடியாதென்பது புலனாகின்றது.

எமக்குரிய பாடம்

ஒக்கனாகனிற் பழமும் விருந்தாளியும் இரண்டு வருமானங்கள்போலத் தோன்றினும் ஒரே வானத்தை நம்பியே நின்றன. எமது வயல்களிலும் இவ்வாறு நிகழ்வதுண்டு. நெல் விதைப்பவர் ஒருவர் மேலதிக வருமானத்துக்காகச் சூடடிக்கும் இயந்திரம் வாங்கி வாடகைக்கு விடுகின்றார் என்று கொள்வோம். 2016/17 பெரும்போகத்தில் வரட்சியினாற் பல வயல்கள் விதைக்கப்படாமற் கிடந்தன. அத்தகைய போகத்தில் அவருக்கு நெல்லும் இல்லை. இயந்திரத்துக்கு வேலையும் இல்லை. கடன் தவணை மாத்திரம் தவறாது வரும்.

ஆகவே, பின்வருவனவற்றைக் கவனித்தல் நன்று:

1. உங்கள் வருமானங்களை ஒரு தாளில் எழுதுங்கள். வரட்சி, வெள்ளம், நோய், வீதித்தடை ஆகியவற்றுள் எது ஒவ்வொன்றையும் நிறுத்தும் என்பதை எதிரே குறியுங்கள். இரண்டுக்கும் ஒரே குறிப்பு வருமாயின் அவற்றை ஒன்றாகவே எண்ணுங்கள்.

2. வேறு அடிப்படையில் நிற்கும் தொழிலொன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆடு, கோழி வளர்ப்பு, பாய் பின்னுதல் முதலியன வயலுடன் ஒரே நாளில் வீழ்வது அரிது.

3. சேமித்து வைக்கத்தக்க பொருளை ஆக்குங்கள். விளைவற்ற ஆண்டிலும் முந்திய ஆண்டுகளின் வைனை இருப்பில் வைத்திருந்தோர் வந்தவருக்கு அதனை விற்கலாம். நன்கு உலர்த்திய மிளகாய், மோர்மிளகாய், வற்றல், ஊறுகாய் என்பன எமக்கு அவ்வாறு உதவும்.

4. விருந்தாளிகளை அழைக்க விரும்புவோர், ஒரு நல்ல போகத்தின் வருவாயை நம்பிக் கடன்பட்டுக் கட்டடம் எழுப்பலாகாது. உள்ள வீட்டையும் கொட்டிலையும் கொண்டு தொடங்குங்கள்.

5. இடர் நீங்கியவுடன் பாதை திறந்துவிட்டதெனப் பழைய வாடிக்கையாளருக்கு உடனே அறிவியுங்கள். தூரத்திலுள்ளோர் ஓரிடம் எரிந்ததென்றால் பிரதேசம் முழுவதும் எரிந்ததென்றே எண்ணுவர்.

இரண்டாவது தொழிலுக்குப் பணம் செலவிடுமுன் மேற்கூறிய தாளை எடுத்துக்கொண்டு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் காணுங்கள். உங்கள் நிலத்துக்கும் நீர்வசதிக்கும் பொருந்துவது எதுவென அவருடன் கலந்து ஆலோசித்துத் தீர்மானிப்பது நட்டத்தைத் தவிர்க்கும்.