பட்டியலில் விட்டுப்போன எண்

சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவில் 1912 மார்ச்சில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்கு எழுத்தராகச் சேர்ந்தார் ராமானுஜன். 1914 மார்ச் 17 அன்று அதே துறைமுகத்திலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். மறு ஆண்டு அவர் வெளியிட்ட நீண்ட கட்டுரை ‘மிகு பகு எண்’களைப் பற்றியது.

அதென்ன எண்? 12-ஐப் பாருங்கள். 1, 2, 3, 4, 6, 12 என அதற்கு ஆறு காரணிகள். 12-க்குக் கீழுள்ள எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் கிடையாது. இப்படித் தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் மிஞ்சுவதே மிகு பகு எண். ராமானுஜன் இவற்றை 67,46,32,83,88,800 வரை வரிசையாகப் பட்டியலிட்டார். கணிப்பொறி இல்லாத காலம்! ஆனாலும் இடையில் ஒன்று விட்டுப்போயிற்று: 2,93,31,86,25,600.

அதைப் பகாக் காரணிகளாகப் பிரித்தால்,

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19.

ஒரு காரணியில் 2 ஒருமுறைகூட வராமல் இருக்கலாம்; 6 முறை வரையிலும் வரலாம். ஆக 7 வழிகள். 3-க்கு 5 வழிகள். இப்படியே பெருக்கிக்கொண்டு போனால்,

7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5,040 காரணிகள்!

இனி ஒரு வேடிக்கை. விட்டுப்போன எண்ணை 23-ஆல் பெருக்குங்கள். வருவது 67,46,32,83,88,800. ஆம், பட்டியலின் கடைசி எண்ணேதான்! அதற்கு எத்தனை காரணிகள் என்பதை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.