உலகளாவிய ஆய்வுக்கூடம்

புதிய மருந்தைச் சோதித்த பின்னரே நோயாளிக்குத் தருகிறோம். இணையத்தின் அமைப்பையே மாற்றக்கூடிய புதிய கருத்தை எங்கே சோதிப்பது?

அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் வலைப்பின்னல், 1983 ஜனவரி 1 என நாள் குறித்து, டி.சி.பி./ஐ.பி. என்னும் புதிய நெறிமுறைக்கு மாறியது. அன்று அதில் இருந்தவை சில நூறு கணிப்பொறிகளே. வங்கிகளும் மருத்துவமனைகளும் நம்பியிருக்கும் இன்றைய இணையத்தை அவ்வாறு மாற்றிப் பார்க்க இயலுமா? ஆய்வுக்கூடத்தில் பத்துக் கணிப்பொறிகளை இணைத்துப் பார்த்தாலோ, கண்டம் விட்டுக் கண்டம் செல்லும் செய்திக்கு நேரும் நெரிசலும் தாமதமும் அங்கே தோன்றுவதில்லை.

இச்சிக்கலைத் தீர்க்க 2002-இல் பிறந்ததே பிளானட்லேப். லாரி பீட்டர்சன், டேவிட் கல்லர் முதலிய அறிஞர்கள் இதைத் தொடங்கினர். இதில் சேரும் நிறுவனம் குறைந்தது இரண்டு கணிப்பொறிகளை அளிக்க வேண்டியிருந்தது. நாளடைவில் உலகெங்கும் அவற்றின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. பல கணிப்பொறிகளில் ஓர் ஆய்வாளருக்குக் கிடைக்கும் சிறு பங்குகளின் தொகுப்புக்குத் 'துண்டு' என்று பெயர். ஒரே வயலில் வரப்புக் கட்டிப் பலர் பயிரிடுவதுபோல, ஒன்றையொன்று கெடுக்காதபடி பல சோதனைகள் ஒரே நேரத்தில் நடந்தன. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் 'கோடீன்' இணையப் பக்கங்களின் நகல்களைப் பல இடங்களில் வைத்து, உண்மையான பயனர்களுக்கே வழங்கிக் காட்டியது.

பிளானட்லேப் 2020-இல் மூடப்பட்டது. ஆயினும் அமெரிக்காவில் உருவான 'ஜெனி' சோதனைக்களமும் துண்டு முறையையே பின்பற்றியது.

என் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். இரண்டு கணிப்பொறிகளை ஈந்தோரின் மாணவர்க்கு உலகமே ஆய்வுக்கூடமானது என்ற செய்தி எனக்குப் பெரும் நம்பிக்கை தருகிறது. நண்பர்களே, கருவி இல்லையே என்று கருத்தைக் கைவிட வேண்டாம். பகிர்ந்துகொள்வோர்க்குக் கருவி கிட்டும்.