எலியின் மூச்சும் நெபுலைசரும்: கல்முனைக் கரையோரத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய ஊர்கள் கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் நெருங்கி அமைந்தவை. வேளாண்மையை நம்பி வாழும் இம்மக்களுக்கு எலி கதிரை அறுத்து வளைக்குள் சேர்க்கும் பகை. எலிக்காய்ச்சலைப் பரப்பும் பிராணி. இத்தகைய ஊர்களில் இருந்துகொண்டு, வளர்ப்பு எலியின் மூச்சுத் திணறலைத் தணிப்பது பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் வயலிலே திரியும் எலி வேறு; பல தலைமுறையாக மனிதன் கூண்டில் வைத்துப் பெருக்கிய எலி வேறு. முன்னதைப் பிடித்து வளர்த்தல் ஆபத்தானது. நாம் இங்கு பேசுவது பின்னதைப் பற்றியே.

எலியைச் செல்லப் பிராணியாக வளர்க்கும் வழக்கம் ஐரோப்பாவில் நூறாண்டுக்கு மேற்பட்டது. 1901இல் இங்கிலாந்தின் எய்ல்ஸ்பரி நகரில் நடந்த கண்காட்சியில் எலிகளும் போட்டிக்கு வைக்கப்பட்டன. 1906இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலுள்ள விஸ்டார் நிறுவனத்தில், ஆய்வுக்கென ஒரு வெள்ளெலி இனம் உருவாக்கப்பட்டது. மனிதன் உள்ளிழுக்கும் மருந்துகள் பலவும் அவனிடம் வருமுன் எலியின் நுரையீரலிலே சோதிக்கப்பட்டவை. மனிதனின் மூச்சுக்காக இத்தனை பாடுபட்ட பிராணியின் மூச்சைப் பற்றி அறிந்துகொள்ள வேண்டிய கடப்பாடு நமக்கு உண்டு.

வளர்ப்பு எலிகளை மிகுதியாக வருத்துவது நாட்பட்ட சுவாச நோயாகும். இதற்கு முதற் காரணம் மைக்கோபிளாஸ்மா புல்மோனிஸ் என்னும் பற்றீரியா. தாயிடமிருந்து குட்டிக்கும், ஓர் எலியிடமிருந்து மற்றோர் எலிக்கும் இது தொற்றுகிறது. ஒருமுறை குடிகொண்டால் முற்றாக அகற்றுதல் அரிது. இக்கிருமிக்குக் கலச்சுவர் இல்லை. ஆதலால் கலச்சுவரைத் தாக்கும் பெனிசிலின் போன்ற மருந்துகள் இதனிடம் செல்லுபடியாவதில்லை. டொக்சிசைக்கிளின் போன்ற வேறு வகை மருந்துகளே மிருக வைத்தியரால் தெரிவுசெய்யப்படுகின்றன. அடிக்கடி தும்முதல், மூச்சு விடுகையில் கரகரத்த ஒலி எழுதல், மூக்கையும் கண்ணையும் சுற்றிச் செந்நிறக் கசிவு காணப்படுதல், விலா உள்வாங்க மூச்செடுத்தல் என்பன நோயின் அடையாளங்கள். அச்செந்நிறம் பெரும்பாலும் குருதியன்று. கண்ணின் பின்னுள்ள சுரப்பியிலிருந்து வெளிப்படும் போர்பிரின் என்னும் நிறப்பொருளாகும். எலி மூக்கினாலன்றி வாயினால் இயல்பாகச் சுவாசிக்கும் ஆற்றலற்றது. ஆகவே அது வாயைத் திறந்து மூச்செடுக்கக் கண்டால் நிலைமை மிகக் கடுமையானது என்று கொள்ளல் வேண்டும்.

கிருமி மாத்திரமே நோயை வளர்ப்பதில்லை. கூண்டில் தேங்கும் சிறுநீரிலிருந்து எழும் அமோனியா வாயு மூச்சுக்குழாயின் உட்சவ்வைப் புண்படுத்துகிறது. 1976இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று, காற்றில் பத்து இலட்சத்தில் இருபத்தைந்து பங்களவு அமோனியா இருந்தாலே இந்நோய் கடுமையடைவதைக் காட்டியது. ஒரே கிருமியைக் கொண்ட இரண்டு எலிகளுள், நல்ல காற்றில் வாழ்வது நாட்களைச் சுகமாகக் கழிக்கவும் கெட்ட காற்றில் வாழ்வது இளைத்து மடியவும் கூடும்.

இனி நெபுலைசரின் தொழிற்பாட்டை நோக்குவோம். நம்மவர் தடிமனுக்கு ஆவி பிடிப்பர். அங்கு வெப்பத்தால் நீர் ஆவியாகிறது. நெபுலைசரில் அவ்வாறன்று. அமுக்கப்பட்ட காற்று நுண்டுளையினூடாக விரைந்து பாயும்போது அங்கு அமுக்கம் குறைகிறது; அதனால் கிண்ணத்திலுள்ள திரவம் மேலே இழுக்கப்பட்டுச் சிதறி நுண்டுளிகளாகிறது. ஐந்து மைக்ரோமீற்றருக்குக் குறைந்த துளிகளே மனித நுரையீரலின் ஆழத்தை அடையவல்லன. எலியின் மூச்சுப் பாதையோ இன்னும் ஒடுங்கியது. அதன் மூக்கின் வளைந்த எலும்புமடிப்புகள் துளிகளிற் பெரும்பகுதியை வழியிலேயே தடுத்துவிடுகின்றன. ஆகவே கிண்ணத்தில் இடும் மருந்தில் சிறு பகுதியே நுரையீரலை எட்டும். கிருமியை அடக்கும் பொறுப்பு வாய்வழி மருந்துக்கே பெரிதும் உரியது. சளியை நெகிழ்த்தி மூச்சை இலேசாக்குவதே நெபுலைசரின் பணி. சல்பியூட்டமோல் போன்ற, மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தையும் அது கொண்டு சேர்க்கும். அது துணைச் சிகிச்சையேயன்றி நோய் தீர்க்கும் கருவியன்று.

பயன்படுத்தும் முறை எளிதே. எலியின் முகத்தில் முகமூடியை அழுத்தினால் அது அஞ்சித் துடிக்கும்; அச்சம் மூச்சை மேலும் கெடுக்கும். ஆதலால் மூடியுள்ள சிறிய பிளாஸ்ரிக் பெட்டியில் எலியை விட்டு, ஒரு துளை வழியே குழாயைச் செலுத்தி, வேறு துளைகள் வழியே காற்று வெளியேற விடுதல் வேண்டும். கிருமி நீக்கிய 0.9 வீத உப்புக்கரைசல் மூன்று முதல் ஐந்து மில்லிலீற்றர் வரை எடுத்து, பத்துப் பதினைந்து நிமிடம் விட்டால் போதும். எலி வாடினாலோ திணறினாலோ உடனே நிறுத்துதல் வேண்டும். கிணற்று நீரும் வீட்டில் கரைத்த உப்பு நீரும் ஆகா. தடிமனுக்குப் பூசும் தைலங்களை ஒருபோதும் கலத்தலாகாது. அவை நொய்ந்த மூச்சுக்குழாயை எரிக்கும். மருந்தையும் அதன் அளவையும் மிருக வைத்தியரே குறித்தல் வேண்டும். பயன்படுத்தியபின் கிண்ணத்தையும் குழாயையும் கழுவி உலர்த்தாவிடில், ஈரத்தில் வளரும் கிருமிகளையே அடுத்த முறை எலிக்கு ஊட்டுவோம். வீட்டில் ஆஸ்துமாக் குழந்தைக்கென வைத்துள்ள கருவியை எலிக்கும், எலியினதைக் குழந்தைக்கும் மாற்றுதல் கூடவே கூடாது.

இப்பகுதியில் எளிதிற் கிடைப்பன எல்லாம் கூண்டுக்கு உகந்தனவல்ல. அரிசி ஆலை உமியும் தச்சுப் பட்டறை மரத்தூளும் தூசு மிக்கவை. மருதமுனைக் கைத்தறியின் கழிவுத் துணி மென்மையானதே. எனினும் பிரியும் நூல் எலியின் காலைச் சுற்றி இறுக்கும். தூசற்ற கடதாசித் துண்டுகளே தக்கவை. நுளம்புத்திரிப் புகையும் சாம்பிராணிப் புகையும் கூண்டிருக்கும் அறைக்கு ஆகாதவை. ஈரம் மிகுந்த கடற்கரைக் காலநிலையில் விரிப்பு விரைவில் நனைந்து நாறும். ஆகவே அதனை அடிக்கடி மாற்றுதல் இன்றியமையாதது.

நெபுலைசர் ஒரு நேரத்து மூச்சை இலேசாக்கும். காற்றை அது தூய்மையாக்குவதில்லை. கூண்டை நாறவிட்டுக் கருவியை இயக்குபவர் நோயின் குறியைத் தணித்து நோயின் காரணத்தைப் பேணுகிறார். எலிக்கூண்டில் தெளிவாகும் இவ்வுண்மை கூண்டோடு நிற்பதன்று. உமித் தூசிலே உழைக்கும் ஆலைத் தொழிலாளிக்கும், நெருக்கமான வீட்டில் அடுப்புப் புகையை உண்ணும் பெண்ணுக்கும் வைத்தியசாலையில் நெபுலைசர் வைக்கப்படுகிறது. அவர்களும் மீண்டும் அதே தூசுக்கும் அதே புகைக்குமே திரும்புகின்றனர். அவர்கள் சுவாசிக்கும் காற்றை மாற்றுவதே முதற் சிகிச்சை. கருவி அதன் பின்னரே வரத்தக்கது.