மைக்குக்குப் பின்னால் மாவுச் சல்லடை

முறுக்குக்கு மாவு சலிக்கிறவர்கள் எடுத்த எடுப்பில் சன்னக்கண் சல்லடையைத் தொடுவதில்லை. முதலில் பெருங்கண் சல்லடை. கட்டியும் நொய்யும் அதிலேயே நின்றுவிடும். கீழே விழுந்த மாவு மட்டும் சன்னக்கண்ணுக்குப் போகும். கைபேசி மைக்குக்குப் பின்னாலும் இதேதான் நடக்கிறது.

இன்றைய சிறு மைக்குகள் பலவும் ஒலியை வெறும் 0, 1 எண்களாகத்தான் தருகின்றன. ஆனால் அசுர வேகத்தில். வழக்கமான ஒரு வேகம் நொடிக்கு 30,72,000. நமக்கு வேண்டியது 48,000, அதாவது 64-க்கு ஒன்று. மிச்சம் 63-ஐக் கண்ணை மூடிக்கொண்டு எறிந்துவிட முடியாது. காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண்களில் இரைச்சல் குவிந்து கிடக்கிறது. சலிக்காமல் எறிந்தால் அது கீழே மடங்கி வந்து பேச்சோடு கலந்துவிடும். சாம்பாரில் கரைந்த உப்பை அப்புறம் யார் பிரிப்பது?

டிஜிட்டல் ஃபில்டர் என்பது ஓர் அளவுப் பட்டியல். கடைசியாக வந்த எண்கள் ஒவ்வொன்றையும் அதற்குரிய அளவால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு புதிய எண். பெருக்கல் அம்மியில் அரைப்பது. கூட்டல் கரண்டியால் கலப்பது. சில்லின் இடத்தையும் பேட்டரியையும் அதிகம் தின்பது அரைப்புதான்.

20,000 ஹெர்ட்ஸ் வரை தொடாமல் விட்டு, 28,000-க்கு மேல் 80 டெசிபல் குறைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். (24,000-க்கும் 28,000-க்கும் இடையே தங்குவது மடங்கினாலும் 20,000-க்குக் கீழே வராது, காதுக்குக் கேட்காது.) ஒரே சல்லடையில் முடிக்க, தோராயமாக 1,400 அளவுகள் வேண்டும். எண் வரும்போதெல்லாம் கணக்குப் போட்டால் நொடிக்கு 430 கோடிப் பெருக்கல். எறியப்போகிற வெங்காயத்தை உரிப்பானேன்? வைத்துக்கொள்ளும் விடைகளுக்கு மட்டும் கணக்குப் போட்டால் 6.72 கோடி.

அடுத்தது கொத்தவரங்காய். ஒவ்வொன்றாகவா நறுக்குகிறோம்? நுனி சேர்த்துப் பிடித்து ஒரே வெட்டு. இந்தப் பட்டியலிலும் முதல் அளவும் கடைசி அளவும் ஒன்றே. இரண்டாவதும் கடைசிக்கு முந்தையதும் ஒன்றே. அந்த ஜோடி எண்களை முதலில் கூட்டி, பிறகு ஒருமுறை பெருக்கினால் போதும். அரைப்பு பாதியாகிறது.

இனி பெருங்கண் சல்லடை. 1981-இல் யூஜீன் ஹோகனவர் சொன்ன வழி இது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த யோசனையும் இதுதான். கூட்டலும் கழித்தலும் மட்டுமே, அம்மிப் பக்கமே போவதில்லை. அதை வைத்து 30,72,000-ஐ 16 மடங்கு குறைத்து 1,92,000 ஆக்கலாம். மிச்சத்தை இரண்டு அரைப்பட்டை ஃபில்டர்கள் பார்த்துக்கொள்ளும்: 96,000, பிறகு 48,000. இவற்றின் பட்டியலில் கிட்டத்தட்டப் பாதி அளவுகள் பூஜ்யம். அவற்றுக்குப் பெருக்கலே இல்லை. முதலாவதற்கு 15 அளவுகளும் அடுத்ததற்கு 47-ம் கொடுத்துக் கணக்குப் பார்த்தால், மொத்தம் நொடிக்கு 10 லட்சத்துக்கும் குறைவான பெருக்கல்.

பெருங்கண் சல்லடையிடம் ஒரு குறை உண்டு. 20,000 ஹெர்ட்ஸை நெருங்க நெருங்க, நாம் வைத்துக்கொள்ள நினைத்த ஒலியையும் அது கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். ஐந்து அடுக்குச் சல்லடையென்றால் 20,000-இல் சுமார் 0.8 டெசிபல். அதை ஈடுகட்ட ஒரு சிறிய ஃபில்டரைக் கடைசியில், எண்கள் நிதானமாக வரும் 48,000-இல் வைக்கிறார்கள். அடுப்பிலிருந்து இறக்கும்போது உப்புப் பார்ப்பது மாதிரி.