கட்டைவிரலும் குவார்ட்ஸும்

மலேசியாவின் ரந்தாவ் பக்கம், ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டம் எங்களுடையது. பள்ளி விளையாட்டுப் போட்டியில் நேரம் குறிப்பது என் வேலை. 100 மீட்டர் ஓட்டம் முடிந்ததும் அப்பாமார் யாராவது வந்து, "சார், இந்த மலிவு ஸ்டாப்வாட்ச் சரியா ஓடுமா?" என்று கேட்காமல் போகமாட்டார்கள்.

ஓடும். அதற்குள் கவை வடிவில் வெட்டிய சிறு குவார்ட்ஸ் படிகம் இருக்கிறது. மின்சாரம் பட்டதும் வினாடிக்கு 32,768 முறை அதிரும். அதைப் பாதி பாதியாக 15 தடவை குறைத்தால் வினாடிக்கு ஒரே துடிப்பு. மலிவான படிகமும் பத்து லட்சத்தில் 20 பங்குதான் பிசகும், நாளுக்கு 1.7 வினாடி. 25 டிகிரியில் சரியாக அதிர வெட்டிய படிகம், நம் 35 டிகிரி மதியத்தில் இன்னும் மூன்று நான்கு பங்கு பின்தங்கும். 15 வினாடியில் ஓடுகிற பையனுக்கு இதெல்லாம் சேர்ந்தாலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தூரம்தான்.

பிசகு வேறிடத்தில் இருக்கிறது. தொடக்கக் கோட்டில் தட்டும் பலகைச் சத்தம் 100 மீட்டர் கடந்து முடிவுக்கோட்டுக்கு வர 0.29 வினாடி ஆகும். சத்தத்தைக் கேட்டுப் பொத்தானை அழுத்தினால் 15 வினாடி 14.7 ஆகிவிடும், மணிக்கு 24 கிலோமீட்டர் வேகம் 24.5 என்று தெரியும். விரலின் தாமதம் வேறு. இந்த விரல் தாமதத்தால்தான் 100, 200 மீட்டர் ஓட்டங்களில் கையால் எடுத்த நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிடும்போது 0.24 வினாடி கூட்டுகிறார்கள். திடலைக் கயிற்றால் அளந்து, 100 மீட்டர் என்பது 98 ஆக இருந்துவிட்டால் பிழை இரண்டு சதவீதம். படிகத்தின் பிசகைப் போல் ஆயிரம் மடங்கு!

1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வென்ற நம் டாக்டர் எம். ஜெகதீசன், 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனையை 2017இல்தான் கைருல் ஹஃபிஸ் ஜந்தான் 20.90இல் முறியடித்தார். வித்தியாசம் 0.02 வினாடி, ஏறக்குறைய 19 சென்டிமீட்டர். அதைச் சாதாரணப் படிகமே பிரித்துச் சொல்லிவிடும். கட்டைவிரலால் ஒருநாளும் முடியாது.

சிரம்பானைக் கடக்கும் நெடுஞ்சாலையிலும் இதே கதைதான். 24 கிகாஹெர்ட்ஸ் ரேடார் அலை, 110 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காரில் பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வு வினாடிக்கு 4,900 அளவு கூடியிருக்கும். ரேடாரின் படிகம் 20 பங்கு தவறினால் வேகம் மணிக்கு இரண்டே மீட்டர் மாறும். ஆனால் ரேடார் 20 டிகிரி சாய்ந்து பார்த்து, அந்தச் சாய்வைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால், 110 என்பது 103 ஆகக் காட்டும்.

ஆகவே, தோட்டப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். விலை உயர்ந்த கடிகாரம் தேடிக் காசைச் செலவழிக்காதீர்கள். இரும்பு அளவுநாடாவால் திடலை அளந்துவிடுங்கள். நேரம் குறிப்பவர்களிடம், சத்தத்துக்குக் காத்திராமல் பலகை மோதுவதைக் கண்ணால் பார்த்து அழுத்தச் சொல்லுங்கள். ஒவ்வோர் ஓட்டக்காரருக்கும் மூன்று பேர் நேரம் எடுக்கட்டும். மூன்றில் நடு நேரத்தை எழுதுங்கள்.